சிண்டரெல்லா கவுன்: ஒரு டெய்லரின் மறுப்பு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்ட்டூன் படங்களை நடிகர்களை வைத்து மறுபடி எடுக்கிற வழக்கத்தைப் பற்றி, சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். சிண்டரெல்லாவை உதாரணமாக எடுத்துக்கொண்டு, 1950-இல் வந்த கார்ட்டூன் கையால் செய்தது, 2015-இல் வந்த படம் கம்ப்யூட்டரில் செய்தது, அதனால் முதலாவதில் உயிர் இருக்கிறது, இரண்டாவதில் இல்லை என்று கட்டுரையாளர் தீர்ப்பு எழுதியிருந்தார். போகிற போக்கில், பழைய படத்து நீல கவுனின் அழகு புதியதில் இல்லை என்றும் ஒரு வரி.

நான் சினிமா விமர்சகன் இல்லை. மதுரையில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணி தைக்கிற டெய்லர். புதுமண்டபத்துத் தூண்களுக்கு நடுவே மிஷின் போட்டிருந்த அப்பாவிடம் தொழில் கற்றவன். பேத்தியின் புண்ணியத்தில் இரண்டு படங்களும் எனக்கு மனப்பாடம். கதை, பாட்டு, நடிப்பு பற்றியெல்லாம் கட்டுரையாளர் சொல்வதை ஏற்றுக்கொண்டாலும், துணி விஷயத்தில் எனக்கும் பேச உரிமை உண்டு என்று நினைத்து இதை எழுதுகிறேன்.

முதலில் நிறம். 1950 படத்தில் தேவதைப் பாட்டி மந்திரக்கோலைச் சுழற்றியதும் சிண்டரெல்லா உடுத்தி நிற்பது நீல கவுன் கிடையாது. வெள்ளி நிறம். இரவுக் காட்சி என்பதால் மடிப்புகளில் லேசாக நீலம் தட்டும், அவ்வளவுதான். அது பளிச்சென்று நீலமானது பிற்பாடு, பொம்மைப் பெட்டியிலும் ஸ்கூல் பையிலும் தண்ணீர் பாட்டிலிலும். மூலக் கதைகளைப் பார்த்தாலும் நீலம் இல்லை. பிரெஞ்சுக்காரர் சார்ல் பெரோ 1697-இல் எழுதியபோது பொன்னும் வெள்ளியும் இழைத்த துணி என்றுதான் எழுதினார். கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட ஜெர்மன் கதையில், அம்மாவின் சமாதி மேல் வளர்ந்த மரத்திலிருந்து விழுகிற உடையும் பொன்னும் வெள்ளியும்தான். கவுனை நிஜமாகவே நீலமாக்கியது, கட்டுரையாளருக்குப் பிடிக்காத அந்த 2015 படம். பொம்மைக் கடையிலிருந்து நிறத்தை எடுத்துப் படத்துக்குப் போட்டார்கள் என்றுகூடச் சொல்லலாம். பள்ளி ஆண்டு விழா சீசனில் அம்மாமார்கள் போனில் காட்டுகிற படமும் அதுதான். விளக்குத்தூண் பக்கம் துணிக்கடையில் சிண்டரெல்லா கலர் என்று கேட்டுப் பாருங்கள், ஆகாய நீலத்தைத்தான் எடுத்துப் போடுவார்கள்.

அடுத்து, கையா கம்ப்யூட்டரா என்கிற வழக்கு. 1950 படம் கையால் வரைந்தது, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வரைவதற்கு முன்னால், ஹெலீன் ஸ்டான்லி என்கிற நடிகையை நடக்கவிட்டு, சுழலவிட்டு, படியில் ஓடவிட்டுப் படம் பிடித்தார்கள். மனிதர்கள் வருகிற காட்சிகளில் பெரும்பகுதியை இப்படி ஆட்களை வைத்து எடுத்து, பிரிண்டு போட்டு, அதை முன்னால் வைத்துக்கொண்டுதான் ஓவியர்கள் வரைந்தார்கள். டிஸ்னி ஸ்டுடியோ அப்போது பெரிய கடனில் இருந்தது. காட்சி தேறுமா தேறாதா என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் வரைகிற கூலி மிச்சம். ஆக, கட்டுரையாளர் கொண்டாடுகிற கார்ட்டூனுக்கு உள்ளேயும், நடிகர்களை வைத்து எடுத்த ஒரு படம் லைனிங் துணி மாதிரி இருக்கத்தான் செய்கிறது. எலிகளும் பூனையும் வருகிற காட்சிகளுக்கு அந்த லைனிங் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அந்தப் படத்தில் மனிதர்களைவிட எலிகள்தான் துள்ளுகின்றன.

சரி, 2015 படத்துக்கு வருவோம். கென்னத் பிரானா இயக்கிய அந்தப் படத்தில் கம்ப்யூட்டர் வேலை நிறைய உண்டு. ஆனால் கவுன் அதில் சேராது. அரண்மனை நடனத்துக்கு, சிண்டரெல்லாவாக நடித்த லில்லி ஜேம்ஸ் உடுத்தியது நிஜத் துணி, நிஜத் தையல். வடிவமைத்தவர் சாண்டி பவல், மூன்று ஆஸ்கர் வாங்கியவர். ஒரு டஜனுக்கு மேல் அடுக்குகள், ஒவ்வொன்றும் ஊதினால் பறக்கிற மாதிரி மெல்லிசு. எல்லா அடுக்கும் ஒரே நீலம் இல்லை. நீலத்திலேயே வெவ்வேறு சாயல், நடுவே இளம் ஊதா. ஒன்றின் மேல் ஒன்று விழும்போது வாட்டர் கலரில் தீட்டியது போல ஒரு நிறம் வருகிறது. அப்படி ஒரு கவுன் இல்லை, மொத்தம் ஒன்பது செய்தார்கள். ஒவ்வொன்றிலும் 10,000-க்கு மேல் கிறிஸ்டல் கற்கள். ஒரு கவுனுக்கு 18 தையல்காரர்கள், 500 மணி நேரம். கல்யாண உடைக்கு இன்னும் கூடுதல் நேரம் பிடித்தது. நேரமும் பணமும் இல்லாமல் அதை ஒன்றே ஒன்றுதான் தைத்தார்கள். அதை உடுத்திக்கொண்டு லில்லி ஜேம்ஸ் ஹீட்டர் பக்கத்தில் நிற்க, மேலடுக்கில் தீப்பிடித்து, அந்த அடுக்கை மறுபடி செய்ய வேண்டியதாயிற்று. இந்தச் செய்தியைப் படித்தபோது எனக்கு அந்த நடிகையைவிட, பக்கத்து அறையில் இருந்திருக்கக்கூடிய தையல்காரர்களின் முகம்தான் கண்ணுக்கு முன்னால் வந்தது. இதைப் போய்க் கம்ப்யூட்டரில் செய்தது என்று எழுதினால் எப்படி?

அடுக்கு என்றால் என்ன என்று தைத்தவனுக்குத்தான் தெரியும். நாங்கள் குழந்தைகளுக்கு கவுன் தைக்கும்போது உள்ளே கேன்கேன் நெட் வைத்துத் தூக்கி நிறுத்துவோம். விறைப்பாக நிற்கும், போட்டோவில் நன்றாக இருக்கும், ஆனால் இடுப்பில் குத்தும். காட்டன் லைனிங் கொடுக்காவிட்டால் பிள்ளை மேடை ஏறுமுன் அழுதுவிடும். அது ஆடவும் ஆடாது. குழந்தை திரும்பினால் கவுன் மொத்தமாக ஒரு கூடை போலத் திரும்பும். சாண்டி பவல் செய்ததில் ஒவ்வொரு அடுக்கும் தனித்தனியாக நகர்கிறது. நடனக் காட்சியில் கவனியுங்கள்: லில்லி ஜேம்ஸ் சுழன்று நின்ற பிறகும் துணி நிற்பதில்லை. மேலடுக்கு முதலில் திரும்பி வருகிறது, கீழடுக்கு சற்றுப் பொறுத்து வந்து சேர்கிறது. கார்ட்டூனிலும் பாவாடை சுழல்கிறது, அழகாகவே சுழல்கிறது. ஆனால் அதில் எடை இல்லை. மூட்டுத் தையல் எங்கே? ஜிப் எங்கே? அந்தப் பெண் எப்படித்தான் அதற்குள் நுழைந்தாள்? மந்திரத்தில் வந்த கவுனுக்கு ஜிப் எதற்கு என்று பேத்தி கேட்கிறாள். அது நியாயம்தான்.

எடைக்கு ஒரு விலையும் உண்டு. கவுனுக்குள், இடுப்பை இறுக்கிப் பிடிக்கிற கார்செட் என்கிற உள்ளுடை. அதைப் போட்டுக்கொண்டு சாப்பிட முடியாமல் படப்பிடிப்பின்போது திரவ உணவாகக் குடித்ததாக லில்லி ஜேம்ஸே சொல்லியிருக்கிறார். இடுப்பைக் கம்ப்யூட்டரில் குறுக்கினார்கள் என்று சர்ச்சை கிளம்பி, இல்லை என்று மறுக்கும்படியும் ஆயிற்று. இதில் நான் நடிகை பக்கம். பார்க்க அழகாக இருந்தாலும், மூச்சு விட முடியாத உடையைத் தைத்துக் கொடுப்பது நல்ல தையல் இல்லை என்றுதான் அப்பா எனக்குச் சொல்லிக் கொடுத்தார்.

ஆனால் என் தொழில் கண்ணுக்கு இந்த இரண்டு படங்களும் பிரிகிற இடம் அரண்மனை நடனம் அல்ல, அதற்கு முன்னால் வருகிற இன்னொரு உடை. இறந்துபோன அம்மாவின் பழைய ரோஸ் கலர் உடை. கட்டுரையில் இதைப் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லாததுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

கார்ட்டூனில் இந்த உடையைத் திருத்தித் தைப்பது எலிகளும் பறவைகளும். மாற்றாந்தாய் ஏவிய வேலைகளைச் செய்து முடிக்கவே சிண்டரெல்லாவுக்குப் பொழுது போதவில்லை. எலிகள் அளவெடுக்கின்றன, கத்தரிக்கின்றன, ஊசியில் நூல் கோக்கின்றன, பாட்டும் பாடுகின்றன. பாட்டுக்கு நடுவே ஒரு பெண் எலி, தையலைப் பெண்களிடம் விட்டுவிட்டு நீ போய் அலங்காரச் சாமான் கொண்டுவா என்று ஆண் எலியை விரட்டும். புதுமண்டபத்தில் வரிசையாக மிஷின் மிதித்துக்கொண்டிருந்த ஆம்பளைகள் இதைப் பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பார்கள். விரட்டப்பட்ட ஜாக் எலியும் அதன் கூட்டாளி கஸ்ஸும் பூனைக்குத் தப்பி, மாற்றாந்தாயின் மகள்கள் வேண்டாம் என்று எறிந்த இடுப்புப் பட்டையையும் மணிமாலையையும் கொண்டுவந்து சேர்க்கின்றன.

அங்கேதான் வினை. சிண்டரெல்லா அந்த உடையில் படியிறங்கி வருகிறாள். மாற்றாந்தாய் கத்தவில்லை, அடிக்கவில்லை. வேலையை முடித்து, தகுந்த உடையும் இருந்தால் நீயும் வரலாம் என்று முன்பு சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவளாக நடந்து வந்து, மணிமாலையை விரலில் தொட்டு, இது இந்த உடைக்கு எவ்வளவு பொருத்தம் பார்த்தாயா என்று மகளிடம் கேட்கிறாள். அவ்வளவுதான். என் மாலை என்று ஒருத்தி இழுக்க, என் பட்டை என்று இன்னொருத்தி பிடுங்க, கை, கழுத்து, பாவாடை எல்லாம் நார் நாராகிறது. மாற்றாந்தாய் கை வைக்கவே இல்லை. கோர்ட்டுக்குப் போனால் மகள்கள் பக்கமும் கொஞ்சம் நியாயம் இருக்கும், சாமான் அவர்களுடையதுதானே! இந்த ஒரு நிமிஷக் காட்சியைப் போல வேறு எந்தப் படத்திலும் துணி கிழிந்து நான் பார்த்ததில்லை. ஒரு டெய்லராகச் சொல்கிறேன், அந்த உடை அன்றைக்கு ராத்திரி தேறாது. ஊசியாலும் முடியாது, மிஷினாலும் முடியாது. அதற்குப் பிறகு அவள் தோட்டத்தில் போய் அழுவதும், மந்திரத்தைத் தவிர வேறு வழியில்லை என்று ஆவதும் அதனால்தான் நம்பும்படி இருக்கிறது.

2015 படத்தில் இந்த இடம் சொதப்பல். பழைய மாடல், பிய்ந்து தொங்குகிறது என்று சொல்லிக்கொண்டே மாற்றாந்தாய் தோள்பட்டையைப் பிய்க்கிறாள், மகளும் சேர்ந்துகொள்கிறாள். கூர்ந்து பார்த்தேன். பாவாடைத் துணி பாழாகவில்லை, போனதெல்லாம் மேலே கொஞ்சம்தான். ஊசி நூலை எடுத்து உட்கார்ந்தால் பத்து நிமிஷ வேலை. மேலே ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டுகூட அரண்மனைக்குப் போயிருக்கலாம். இந்தக் காட்சியில் கார்ட்டூனுக்கு முழு மார்க், கட்டுரையாளரோடு கை குலுக்குகிறேன்.

ஆனால் அதற்கு முன்னும் பின்னும் புதிய படம் செய்திருப்பதைப் பார்க்க வேண்டும். முன்னால், அம்மாவின் உடையை சிண்டரெல்லாவே உட்கார்ந்து திருத்துகிறாள். எலிகள் சுற்றி நின்றாலும் வேலை அவளுடையது. பின்னால், தேவதைப் பாட்டி உடையை மாற்றப் போகும்போது, இது அம்மாவுடையது, இதையே உடுத்திக்கொண்டு போகிறேனே, அம்மா கூட வருகிற மாதிரி இருக்கும் என்கிறாள். அதைக் கொஞ்சம் மெருகேற்றினால் அம்மா கோபித்துக்கொள்ள மாட்டாரே என்று பாட்டி கேட்கிறார். பிறகுதான் ரோஸ் நீலமாகிறது. கார்ட்டூனில் இந்தப் பேச்சே கிடையாது. அங்கே புது கவுனைப் பார்த்த மகிழ்ச்சியில் அம்மாவின் உடை மறந்து போகிறது. சுழன்று சுழன்று கந்தல் வெள்ளியாகிற அந்தத் துண்டுக் காட்சி, மார்க் டேவிஸ் வரைந்தது, வால்ட் டிஸ்னிக்கே மிகவும் பிடித்த காட்சி என்பார்கள். அழகுதான். ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அம்மாவின் துணி என்ன ஆயிற்று என்றுதான் ஓடுகிறது.

இதை நான் பெரிதாக எடுத்துக்கொள்வதற்குக் காரணம் என் கடைக்கு வருகிற துணிகள். அம்மாவின் கல்யாணப் புடவையைக் கொண்டுவந்து பெண்ணுக்குப் பாவாடை சட்டையாகவோ கவுனாகவோ தைத்துத் தரச் சொல்வார்கள். சில சமயம் அந்த அம்மா உயிரோடு இருப்பதில்லை. பழைய பட்டை வெட்டுவது லேசான காரியமில்லை. வருஷக்கணக்கில் மடித்து வைத்த மடிப்பில் இற்றுப் போயிருக்கும். மேஜையில் போட்டுப் பார்த்தால் நன்றாக இருப்பது போலத்தான் தெரியும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் கோடு கோடாகக் காட்டும். ஜரிகை ஓரத்தில்தான் முதலில் விடும். அந்தக் கோடுகளுக்குத் தப்பித்து கட்டிங் போட வேண்டும், அடியில் மல் துணி கொடுத்துத்தான் தைக்க வேண்டும், தையலையும் நெருக்கிப் போடக் கூடாது, போட்டால் ஊசி போன வழியே பட்டு கிழியும். வெட்டும்போது சிலர் பக்கத்திலேயே நின்று, "துண்டு விழுந்தாலும் எடுத்து வைங்கண்ணே, தூரப் போட்றாதீங்க" என்பார்கள். இதைத் தினமும் கேட்கிறவனுக்கு, கம்ப்யூட்டர் படத்தில் உயிர் இல்லை என்ற வரியை அப்படியே ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்த உரையாடலை எழுதியவர் எங்கேயோ ஒரு அம்மாவின் துணியைக் கையில் பிடித்துப் பார்த்திருக்கிறார்.

கம்ப்யூட்டர் எங்கே உதைக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எலிகள் முதலாவது. 2015 படத்தில் அவை கிட்டத்தட்ட நிஜ எலி. நிஜ எலி தையல் கடைக்குள் புகுந்தால் என்ன செய்யும் என்று எங்கள் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரியும், அதைப் பார்த்து எனக்குப் பாசம் வர மறுக்கிறது. இரண்டாவது, கதையில் வருகிற கண்ணாடிக் காலணி. ஸ்வரோவ்ஸ்கி நிறுவனம் நிஜமாகவே கிறிஸ்டலில் அறுத்துக் கொடுத்தது. ஆனால் கிறிஸ்டல் கொஞ்சமும் வளையாது, அதைப் போட்டு யாரும் நடக்க முடியாது. லில்லி ஜேம்ஸ் தோல் செருப்புப் போட்டு நடித்தார், பிறகு கம்ப்யூட்டரில் அதைக் கண்ணாடியாக்கினார்கள். ஊர் முழுக்கப் பெண்களின் காலில் போட்டுப் பார்க்கிற காலணி, கதாநாயகி ஒருத்தி காலில் மட்டும் ஏறவில்லை! இந்த ஒரு விஷயத்தில் கார்ட்டூனை யாராலும் அடிக்க முடியாது. வரைகிறவனுக்குக் கண்ணாடி எங்கே வேண்டுமானாலும் வளையும்.

மாற்றாந்தாய் விஷயத்தில் எனக்கு இரண்டு மனசு. கார்ட்டூனில் அவள் பாதி நேரம் நிழலில் உட்கார்ந்திருப்பாள், கண் மட்டும் பளபளக்கும். ஏன் இப்படி இருக்கிறாள் என்று படம் சொல்வதே இல்லை, அதனாலேயே பயமாக இருக்கும். புதியதில் கேட் பிளான்செட்டின் உடைகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அந்தக் கால ஹாலிவுட் நடிகைகளின் தோரணையில், பச்சையும் கறுப்புமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் உட்கார்ந்திருக்கும். இரண்டு மகள்களுக்கும் ஒரே கட்டிங், நிறம் மட்டும் வேறே. மேலே பூவும் லேஸும் அள்ளிக் கொட்டியிருக்கும். காசு இருந்து ரசனை இல்லாத வீடு என்று வசனமே இல்லாமல் காட்டிவிட்டார் சாண்டி பவல். ஆனால் செத்துப்போன முதல் மனைவி மேல் கணவனுக்கு இருக்கிற பாசத்தை அவள் ஒட்டுக்கேட்டாள், அதனால் இந்தக் கோபம் என்று விளக்கம் கொடுத்த பிறகு பயம் பாதியாகக் குறைந்துவிடுகிறது. இளவரசனைப் பொறுத்தவரை புதிய படம்தான் மேல். கார்ட்டூன் இளவரசன் சட்டைக்குள் ஆள் இருக்கிறாரா என்றே சந்தேகம்.

கட்டுரையாளரின் கோபம் உண்மையில் போய் விழ வேண்டிய இடம் வேறே இருக்கிறது. 2019-இல் வந்த புதிய சிங்க ராஜா (லயன் கிங்) படத்தைப் பாருங்கள். லைவ் ஆக்‌ஷன் என்றுதான் எல்லோரும் பேசினார்கள். ஆனால் ஆரம்பத்தில் சூரியன் உதிக்கிற ஒரே ஒரு ஷாட்தான் நிஜமாகப் பிடித்தது, மற்றதெல்லாம் கம்ப்யூட்டர் என்று இயக்குநர் ஜான் ஃபாவ்ரூவே சொல்லிவிட்டார். சிங்கம் அச்சு அசல் சிங்கமாக இருக்கிறது, அப்பா செத்தாலும் அதன் முகத்தில் ஒன்றும் தெரிவதில்லை. அதையும் சாண்டி பவல் கவுனையும் ஒரே மூட்டையில் கட்டியதைத்தான் நான் ஆட்சேபிக்கிறேன். அந்த கவுன் ஆஸ்கர் பரிந்துரை வரை போனது. விருதோ மேட் மேக்ஸ் படத்து அழுக்குத் தோல் உடைகளுக்குப் போயிற்று. அதுவும் கையால் செய்ததுதான், அதனால் எனக்கு வருத்தமில்லை.

கடைசியாக ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் விமர்சனப் பகுதியில் இயக்கம், இசை, ஒளிப்பதிவு, படத்தொகுப்பு என்று பெயர் போடுகிறீர்கள். அதற்குக் கீழே உடை என்று ஒரு வரி சேர்க்க முடியுமா? தமிழ்ப் படமானாலும் சரி, வெளிநாட்டுப் படமானாலும் சரி. இடம் பற்றாக்குறை என்றால் நட்சத்திர மதிப்பெண்ணில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள்.

இப்படிக்கு,
இன்னும் மிஷினை விடாத ஒரு தையல்காரர்,
தெற்குவாசல், மதுரை.